வாய்க்காலிலேயே நின்ற தண்ணீர்: 2019 கம்பெனி வரிக் குறைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்காகக் கோவா வந்திருந்த ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கூட்டம் தொடங்கும் முன்பே செய்தியாளர்களைச் சந்தித்து ஓர் அவசரச் சட்டத்தை அறிவித்தார். கம்பெனிகளின் லாபத்தின் மீதான அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகிறது. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம்தான். இதனால் ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. அன்று சந்தை முடியும்போது சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஒரே நாளில் அவ்வளவு ஏறியதில்லை.

1.45 லட்சம் கோடி எவ்வளவு பெரிய தொகை என்பதை அதே ஆண்டு பட்ஜெட்டை வைத்தே அளக்கலாம். நாடு முழுவதற்குமான நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 60,000 கோடி. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசானுக்கு 75,000 கோடி. இரண்டையும் கூட்டினாலும் 1.35 லட்சம் கோடிதான் வருகிறது.

நெல்லுக்குப் பாயும் தண்ணீர் வாய்க்காலோரப் புல்லையும் நனைக்கும் என்பது நம் வயற்காட்டு அனுபவம். கசிவுப் பொருளாதாரம் என்று இன்று அழைக்கப்படும் வாதமும் அதேதான். மேலே இருப்பவர் கையில் லாபம் கூடட்டும், அவர் அதை முதலீடு செய்வார், வேலை பெருகும், கூலி உயரும், கடைசியில் எல்லோரும் நனைவார்கள் என்கிறது அது. 2019 வரிக் குறைப்பு இந்த வாதத்தை இந்திய மண்ணில் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நிகழ்வு. எந்த மடை திறந்தது, எவ்வளவு தண்ணீர் வந்தது, எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க இன்று போதிய கணக்குகள் இருக்கின்றன.

யாருக்கு எவ்வளவு குறைந்தது

அடிப்படை வரி, அந்த வரித் தொகையின் மேல் கூடுதல் வரியாகச் சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்று மூன்று அடுக்கு. பெரிய கம்பெனிக்குப் பழைய கணக்கு: 30 சதவீதம், சர்சார்ஜ் 12 சதவீதம், செஸ் 4 சதவீதம், மொத்தம் 34.94. புதிய கணக்கு: 22 சதவீதம், சர்சார்ஜ் 10 சதவீதம், செஸ் 4 சதவீதம், மொத்தம் 25.17. புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 17.16. முதல் சலுகை வருமான வரிச் சட்டத்தில் 115பிஏஏ பிரிவாகவும், இரண்டாவது 115பிஏபி பிரிவாகவும் நுழைந்தன.

ஆக, 100 கோடி லாபம் காட்டும் பெரிய கம்பெனிக்கு 34.94 கோடியாக இருந்த வரி 25.17 கோடியாகிறது. மிச்சம் 9.77 கோடி.

சிறிய கம்பெனியின் கதை வேறு. ஆண்டு விற்றுமுதல் 400 கோடி வரை உள்ள கம்பெனிகளுக்கு 2019 ஜூலை பட்ஜெட்டிலேயே 25 சதவீத விகிதம் வந்துவிட்டது. இந்தியக் கம்பெனிகளில் 99.3 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும் என்று பட்ஜெட் உரையே சொன்னது. அத்தகைய ஒரு கம்பெனியின் லாபம் 80 லட்சம் என்றால் சர்சார்ஜ் கிடையாது. செஸ் சேர்த்து 26 சதவீதம். செப்டம்பர் சலுகையால் அது 25.17 ஆகிறது. மிச்சம் ஏறத்தாழ 66,500 ரூபாய். ஒரு நல்ல தையல் இயந்திரம் வாங்கலாம், அவ்வளவே.

கம்பெனியாகப் பதிவு செய்யாதவர்களுக்கு அந்தச் சில ஆயிரங்களும் இல்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துப் பவர் டேபிள் ஓட்டுபவர், சிவகாசியில் அச்சகம் நடத்துபவர், கோவையில் பம்ப் உதிரிபாகம் கடைபவர் எனப் பெரும்பாலோர் தனிநபர் நிறுவனமாகவோ கூட்டாண்மை நிறுவனமாகவோதான் தொழில் செய்கிறார்கள். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி அன்றும் 30 சதவீதம், இன்றும் 30 சதவீதம். பங்காளிகளின் சம்பளமும் வட்டியும் கழித்தபின் 80 லட்சம் மிஞ்சினால் செஸ்ஸோடு 24.96 லட்சம் வரி. அதே 80 லட்சத்துக்குப் பல்லாயிரம் கோடி புரட்டும் கம்பெனி கட்டுவது 20.13 லட்சம். நாட்டில் அதிகம் பேருக்கு வேலை தருவது சிறுதொழில்தான் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். வரிச் சலுகையின் மடை அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

நோய் ஒன்று, மருந்து வேறொன்று

அந்த மாதத்துப் பொருளாதாரத்தை நினைவுபடுத்திக்கொள்வது முக்கியம். ஏப்ரல்-ஜூன் காலாண்டு வளர்ச்சி 5 சதவீதம் என்று வந்திருந்தது. ஆறாண்டுகளில் அதுவே மிகக் குறைவு. ஆகஸ்டில் கார் முதலான பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிட 31.6 சதவீதம் சரிந்தது. 2.87 லட்சம் வண்டி விற்ற இடத்தில் 1.97 லட்சம். செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாளும் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாளும் உற்பத்தி இல்லை என்று அறிவித்தது. மாருதி குருகிராம், மானேசர் ஆலைகளை இரண்டு நாள் நிறுத்தியது. இந்த ஆலைகளில் இயந்திரம் இருந்தது, ஆள் இருந்தார்கள், எஃகு இருந்தது. வண்டி வாங்க வருபவர்தான் இல்லை.

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் உற்பத்தி ஆலைகளிடம், நிறுவிய திறனில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுக்கிறது. 2019 ஜூலை-செப்டம்பரில் அது 70 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. பத்துத் தறியில் மூன்று சும்மா நின்றதாக வைத்துக்கொள்ளலாம். தறி சும்மா நிற்கும்போது, வரி குறைந்துவிட்டது என்பதற்காகப் பதினோராவது தறி வாங்குபவர் யார்?

50 கோடி போட்டுப் புதிய உற்பத்தி வரிசை அமைக்கலாமா என்று முடிவெடுக்கும் நிதி அதிகாரி முதலில் பார்ப்பது ஆர்டர் புத்தகத்தை. அந்த வரிசையில் ஓடும் சரக்கு விற்காது என்றால் அதிலிருந்து வரும் லாபம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு 35 சதவீத வரியும் பூஜ்யம், 25 சதவீத வரியும் பூஜ்யம். வரி விகிதம் முடிவை மாற்றுவது, ஏற்கெனவே விற்கும் என்று உறுதியாகத் தெரியும் சரக்குக்கு, லாபம் போதுமா போதாதா என்ற விளிம்பில் நிற்கும் திட்டங்களில்தான். அப்படிப்பட்டவை 2019இல் மிகக் குறைவு.

இன்னொரு சிக்கல் சட்டத்தின் உள்ளேயே இருந்தது. பலரும் கவனிக்காமல் விட்ட இடம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

22 சதவீத விகிதம் வேண்டுமானால் கம்பெனி வேறு பல கழிவுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். உற்பத்தித் தொழிலில் புது இயந்திரம் வாங்கினால் வழக்கமான 15 சதவீதத் தேய்மானத்துக்கு மேல் முதலாண்டில் 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் உண்டு. 10 கோடி ரூபாய் இயந்திரத்துக்கு வழக்கமான கழிவு 1.5 கோடி, கூடுதல் கழிவு 2 கோடி. அந்த 2 கோடியால் பழைய விகிதத்தில் முதலாண்டிலேயே ஏறத்தாழ 70 லட்சம் வரி கையில் தங்கும். பின்னாளில் தேய்மானம் அந்த அளவுக்குக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் இயந்திரம் வாங்கிய ஆண்டில் கிடைக்கும் ரொக்கத்துக்கு மதிப்பு அதிகம். 115பிஏஏ பிரிவுக்குள் வந்தால் இது கிடையாது. குளிர்பதனக் கிடங்கு, உரத் தொழிற்சாலை போன்றவற்றின் முதலீட்டை முழுதாகக் கழிக்கும் 35ஏடி பிரிவும் போகிறது. ஆராய்ச்சிக் கூடத்துக்கான கூடுதல் கழிவும் போகிறது. சேர்த்து வைத்திருந்த மேட் வரவும் (முன்பு குறைந்தபட்ச வரியாகக் கூடுதலாகக் கட்டி, பின்னாளில் கழித்துக்கொள்ள வைத்திருந்த தொகை) காலாவதியானது. படிவம் 10-ஐசி தாக்கல் செய்து உள்ளே வந்த கம்பெனி பிறகு வெளியேறவும் முடியாது.

விலக்குகளை ஒழித்து விகிதத்தைக் குறைப்பது வரி நிர்வாகத்துக்கு நல்லது. வழக்குகள் குறையும், கணக்கு எளிதாகும். அதை ஏற்கிறோம். ஆனால் முதலீட்டைத் தூண்டுவதே குறி என்று சொல்லிச் செய்த சீர்திருத்தத்தில், இயந்திரம் வாங்கினால் மட்டுமே கிடைத்த சலுகை போய், இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கிடைக்கும் சலுகை வந்தது. 1990களில் கட்டிய ஆலையின் லாபத்துக்கும் அதே தள்ளுபடி. லாபம் கூட வழிசெய்வது ஒரு வேலை. அந்த லாபத்தை ஆலையாக மாற்ற வைப்பது இன்னொரு வேலை. சட்டம் முதலாவதோடு நின்றுவிட்டது.

15 சதவீத விகிதம் மட்டும் புது முதலீட்டோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது. 2019 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும். பழைய தொழிலை உடைத்து உருவாக்கியதாக இருக்கக் கூடாது. பழைய இயந்திரம் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023 மார்ச் 31க்குள் உற்பத்தி தொடங்க வேண்டும். மென்பொருள், சுரங்கம், கேஸ் சிலிண்டர் நிரப்புதல், புத்தகம் அச்சிடுதல், சினிமா எடுத்தல் ஆகியவை உற்பத்தியில் சேரா. நல்ல வரையறைதான். அந்தக் கெடுவில் பாதியைக் கொரோனா தின்றுவிட்டது. 2022 பட்ஜெட்டில் 2024 மார்ச் வரை நீட்டினார்கள். அதன் பிறகு நீட்டவில்லை.

அந்த 9.77 கோடி எங்கே போனது

மிச்சமான பணத்துக்கு ஆறு வழிகள் உண்டு: கடனை அடைப்பது, ரொக்கமாக வைப்பது, டிவிடெண்டாகவோ பங்குகளைத் திரும்ப வாங்கியோ பங்குதாரருக்குத் தருவது, விலையைக் குறைப்பது, சம்பளம் உயர்த்துவது, புது ஆலை கட்டுவது. கசிவு வாதம் கடைசி மூன்றையும் நம்பியிருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஆண்டறிக்கை இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. வரிக் குறைப்பால் கிடைத்த பணம் கடன் சுமையைக் குறைக்கவும், ரொக்க இருப்பையும் பிற நடப்புச் சொத்துகளையும் பெருக்கவும் பயன்பட்டது, முதலீட்டுச் சக்கரத்தை மீண்டும் சுழற்றப் பயன்படவில்லை என்றது. 2022 செப்டம்பரில் தில்லியில் தொழிலதிபர்கள் கூட்டம் ஒன்றில் பேசிய நிதியமைச்சரே, வரியைக் குறைத்தோம், ஊக்கத்தொகை கொடுத்தோம், உங்களைத் தடுப்பது எது என்று கேட்டார். தன் பலம் தனக்கே தெரியாத அனுமனோடு தொழில்துறையை ஒப்பிட்டார். மூன்றாண்டு கழித்தும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது என்பதே போதிய சான்று. இடைப்பட்ட காலத்தில் அரசு தானே முதலீட்டைத் தூக்கிச் சுமந்தது. 2019-20இல் 3.36 லட்சம் கோடியாக இருந்த ஒன்றிய அரசின் மூலதனச் செலவுக்கு 2023-24 பட்ஜெட்டில் 10 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது.

லாபம் பெருகாமல் இல்லை. 33,000க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் கணக்கை எடுத்து 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது: 2019-20க்கும் 2022-23க்கும் இடையில் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆள் சேர்ப்பும் சம்பளமும் அதோடு ஈடுகொடுக்கவே இல்லை என்பதையும் அதே அறிக்கை எழுதியது. அடுத்த ஆண்டு அறிக்கை இன்னும் கூர்மையானது. பெரிய 500 பட்டியல் கம்பெனிகளின் லாபம் 2023-24இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம், 15 ஆண்டுகளில் அதுவே உச்சம். அந்த ஆண்டு லாபம் 22.3 சதவீதம் ஏறியபோது வேலைவாய்ப்பு ஏறியது 1.5 சதவீதம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் மாதச் சம்பளக்கார ஆண்களின் சராசரி ஊதியம் 2017-18இல் 12,665 ரூபாய்; 2023-24இல் 11,858. பெண்களுக்கு 10,116 இருந்தது 8,855 ஆனது. இவை அரசின் பொருளாதார ஆலோசகர் கையெழுத்திட்ட ஆவணத்தில் உள்ள எண்கள்.

ஈடுகட்டியது யார்

2018-19இல் கம்பெனி வரி வசூல் 6.63 லட்சம் கோடி. 2019-20இல் 5.57 லட்சம் கோடி. கொரோனா ஆண்டான 2020-21இல் 4.57 லட்சம் கோடி. அந்த ஆண்டு தனிநபர் வருமான வரி 4.87 லட்சம் கோடி. சம்பளக்காரரும் சிறு தொழிலரும் கட்டும் வரி, கம்பெனிகள் கட்டும் வரியைத் தாண்டியது. 2023-24இல் கம்பெனி வரி 9.11 லட்சம் கோடி, தனிநபர் வரி 10.4 லட்சம் கோடி. இடைவெளி மூடவில்லை.

பெட்ரோல் பங்குக்கு வருவோம். 2020 மார்ச் தொடக்கத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் கலால் 19.98 ரூபாய், டீசலில் 15.83 ரூபாய். மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 என ஏற்றி 32.98க்கும் 31.83க்கும் கொண்டுபோனார்கள். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்த நேரம் அது. விழுந்த விலை வண்டி ஓட்டுபவருக்கு வந்து சேரவில்லை, கலாலாக மாறியது. 2018-19இல் சுமார் 2.3 லட்சம் கோடியாக இருந்த கலால் வசூல் 2020-21இல் 3.9 லட்சம் கோடியானது. கம்பெனி வரி இழப்பை ஈடுகட்டத்தான் கலாலை ஏற்றினோம் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஊரடங்குச் செலவும் இருந்தது. ஆனால் கஜானாவில் ஒரு பக்கம் 2 லட்சம் கோடி குறைந்து மறுபக்கம் 1.6 லட்சம் கோடி ஏறியது கண்ணுக்கு முன்னால் நிற்கும் கணக்கு. தினம் ஒரு லிட்டர் பெட்ரோல் போடும் டெலிவரி ஊழியரின் கையிலிருந்து மாதம் 390 ரூபாய் கூடுதலாகப் போனது.

மாநிலங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. கம்பெனி வரியின் அடிப்படைப் பகுதி மாநிலங்களோடு பங்கிட வேண்டியது. 1.45 லட்சம் கோடியில் சர்சார்ஜும் செஸ்ஸும் நீங்கினால் அடிப்படை வரியின் பங்கு சுமார் 1.19 லட்சம் கோடி. அன்றைய 42 சதவீதப் பகிர்வின்படி மாநிலங்கள் இழப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 கோடி. தமிழ்நாட்டின் பங்கு 4.023 சதவீதம் என்பதால் நமக்குச் சுமார் 2,000 கோடி. ஏற்றிய கலாலோ பெரும்பகுதி சிறப்புக் கலாலும் சாலை செஸ்ஸும். பெட்ரோலின் 32.98 ரூபாயில் மாநிலங்களோடு பங்கிட வேண்டியது வெறும் 2.98. இழப்பில் பங்கு உண்டு, வரவில் இல்லை. இதைத்தான் மனம் ஆறாமல் எழுத வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்து வாதம்

வரிக் குறைப்பை ஆதரிப்பவர்கள் சொல்வதில் மூன்று செய்திகள் எடைபோடத் தக்கவை.

அமெரிக்கா 2018இல் 35இலிருந்து 21க்கு இறங்கியிருந்தது. வியட்நாமும் தாய்லாந்தும் 20இல் இருந்தன. 35 சதவீதத்தில் நிற்கும் நாட்டுக்குச் சீனாவை விட்டுக் கிளம்பும் ஆலைகள் வரத் தயங்கும் என்பது ஒன்று. இது சரியான கவலைதான். ஆனால் அதற்கு மருந்து புதிய ஆலைகளுக்கான 15 சதவீதம். பழைய லாபத்துக்கு 22 கொடுக்க அது காரணமாகாது.

கடனை அடைத்ததும் நல்லதுதானே என்பது இரண்டாவது. உண்மை. 2018 மார்ச்சில் வங்கிகளின் வாராக்கடன் 11.2 சதவீதம், 2024 மார்ச்சில் 2.8. அந்தச் சுத்திகரிப்பில் திவால் சட்டம், வங்கிகளுக்கு அரசு போட்ட மூலதனம், வாராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கியது எனப் பல கைகள் உண்டு; கம்பெனிகளின் கையில் மிஞ்சிய வரியும் ஒரு கை. நோயாளி எழுந்து உட்கார அது உதவியது. வேலை கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்த பணத்துக்கு அது பதிலாகாது.

மூன்றாவது கொரோனா. அறிவிப்புக்கும் ஊரடங்குக்கும் இடையில் ஆறே மாதம். வரிக் குறைப்பு மட்டும் என்ன செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் 2020-21 வீழ்ச்சியை இந்த ஆய்வில் வரிக் குறைப்பின் கணக்கில் எழுதவில்லை. எடைபோட வேண்டியது அதன் பிறகு வந்த ஆண்டுகளை. லாபம் வெள்ளமாக வந்தபோதும் ஆள்சேர்ப்பு சொட்டுச் சொட்டாகவே நின்றது. கொரோனா இல்லாத ஊர்களிலும் இதுவே நடந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் 2012இல் கம்பெனி வரிக்குள் வராமல் உரிமையாளரின் சொந்தக் கணக்கில் நேராகச் சேரும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியை முற்றிலும் நீக்கியது. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் பணமில்லாமல் திண்டாடி 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றமே அதைத் திரும்பப் பெற்றது. 18 வளர்ந்த நாடுகளின் ஐம்பதாண்டு வரிக் குறைப்புகளை ஆராய்ந்த டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பெர்க் இருவரும், பணக்காரர் மீதான வரிக் குறைப்பு அவர்களின் வருமானப் பங்கை உயர்த்துகிறது, வளர்ச்சியிலும் வேலையின்மையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று கண்டார்கள்.

லாப நோக்கம் ஆலையான இடம்

லாப நோக்கமே கெட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

2020 ஏப்ரலில் வந்த மின்னணு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் செல்போன் தயாரிப்பவருக்கு, 2019-20 விற்பனைக்கு மேல் கூடுதலாக விற்கும் தொகையில் 4 முதல் 6 சதவீதம் ஐந்தாண்டுக்குக் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பன்னாட்டுக் கம்பெனி என்றால் நான்காண்டில் 1,000 கோடி முதலீடு செய்திருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட போன்களின் கூடுதல் விற்பனை முதலாண்டில் 4,000 கோடியை எட்டியிருக்க வேண்டும். எட்டாவிட்டால் ஒரு ரூபாயும் இல்லை. இங்கே முதலாளியின் லாப ஆசை அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆசை நிறைவேற ஆலை கட்டி, ஆள் வைத்து, சரக்கைக் கூடுதலாக விற்றாக வேண்டும் என்ற முடிச்சு மட்டும் கூடுதல். கூடவே துறைமுகம், தடையில்லா மின்சாரம், ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் முடித்த இளைஞர்கள், இரவு வேலைக்கு வரத் தயாராக இருக்கும் பெண்கள் என்று தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகப் பொதுப் பணத்தில் சேர்த்து வைத்தவை இருந்தன. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2022-23இல் 5.37 பில்லியன் டாலர், 2024-25இல் 14.65 பில்லியன். இந்தியாவில் முதலிடம்.

அங்கேயும் கூலி தானாகக் கசியவில்லை. 2021 டிசம்பரில் ஒரு செல்போன் ஆலையின் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி உடன் வேலை செய்தவர்கள் மருத்துவமனைக்குப் போனபின், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளின் நிலை அதற்குப் பிறகுதான் பேசுபொருளானது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். ஆலைக்குள் உருவாகும் மதிப்பில் எவ்வளவு கூலியாகும், எவ்வளவு லாபமாகும் என்பதைப் பேரம் பேசும் பலம் தீர்மானிக்கிறது. இந்திய ஆலைத் தொழிலாளரில் ஐந்தில் இருவர் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள். அவர்களுக்குப் பேரம் பேச எதிரில் முதலாளியே கிடையாது.

முடிச்சை எங்கே போடுவது

லாபத்தை வேலையோடு கட்டும் பிரிவு ஒன்று 1961 வருமான வரிச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது: 80ஜேஜேஏஏ. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் புதிதாகச் சேர்த்த ஆளுக்கு, அந்தச் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்றாண்டு லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆள் அந்த ஆண்டில் 240 நாளாவது வேலையில் இருக்க வேண்டும். ஆடை, காலணி, தோல் தொழிலுக்கு 150 நாள். 22 சதவீத விகிதத்துக்கு மாறியவர்களும் இதை இழக்கவில்லை. ஆனாலும் இது பிடிக்காத இடம் இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு ஆலை இதைக் கோர முடியாது. சம்பளம் 25,001 ஆனால் அந்த ஆள் கணக்கிலேயே வரமாட்டார். சலுகையின் அளவும் சிறியது. மாதம் 15,000 சம்பளக்காரருக்கு ஆண்டுச் சம்பளம் 1.8 லட்சம், அதில் 30 சதவீதம் 54,000, 25.17 விகிதத்தில் மிச்சமாவது ஆண்டுக்கு 13,600 ரூபாய். அதற்காக யாரும் கூடுதலாக ஒருவரை வேலைக்கு எடுக்கப்போவதில்லை; எப்படியும் எடுக்கவிருந்தவர் வாங்கிக்கொள்வார்.

2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம், 99,446 கோடியில் அதே முடிச்சைப் பெரிதாகப் போடுகிறது. 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் குறைந்தது 2 பேர், மற்றவை 5 பேர் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருந்தால், ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டாண்டு கிடைக்கும். உற்பத்தித் தொழிலுக்கு நான்காண்டு. ஆறாண்டு முன்பு நிபந்தனையின்றிக் கொடுத்த அரசே இப்போது ஆள் எண்ணிக் கொடுக்கிறது. கவனிக்க வேண்டியது பிஎஃப் கணக்கை. ஒப்பந்தக்காரரின் பிஎஃப் எண்ணில் ஐந்து பேர் கூடி, அதே ஆலையின் சொந்த எண்ணில் ஐந்து பேர் குறைந்தால் புது வேலை ஒன்றும் பிறக்கவில்லை. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் இந்தத் தொகையும் வாய்க்காலிலேயே நின்றுவிடும்.

ஒரு குறிப்பிட்ட கம்பெனி தன் மிச்ச வரியை என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் அதன் ஆண்டறிக்கையே போதும். 2018-19, 2022-23 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பணப்பாய்வு அறிக்கை: முதலீட்டுப் பகுதியில் ஆலை, இயந்திரம் வாங்கச் செலவிட்ட தொகை, நிதிப் பகுதியில் கடன் திருப்பிய தொகை, டிவிடெண்டாகக் கொடுத்த தொகை. அடுத்து லாப நட்டக் கணக்கில் ஊழியர் செலவை விற்றுமுதலால் வகுத்தால் கூலியின் பங்கு ஏறியதா இறங்கியதா என்று தெரியும். 2019-20 கணக்கைத் தனியாகப் பார்க்கும்போது ஒரு பிசகு வரும். விகிதம் குறைந்ததால் ஒத்திவைத்த வரிச் சொத்தின் (பின்னாளில் வரியில் மிச்சமாகும் என்று கணக்கில் வைத்த தொகை) மதிப்பைக் குறைத்து எழுதிய கம்பெனிகளுக்கு அந்த ஆண்டு லாபம் செயற்கையாகக் குறைவாகத் தெரியும். ஒத்திவைத்த வரிப் பொறுப்பு (பின்னாளில் கட்ட வேண்டிவரும் வரி) வைத்திருந்தவற்றுக்கு லாபம் கூடித் தெரியும். அந்த ஓர் ஆண்டை விட்டுவிட்டு முன்னும் பின்னும் ஒப்பிடுவதே சரி. கடைசியாக, பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயமாக வெளியிடும் பொறுப்புடைமை அறிக்கை. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர், இயக்குநரின் நடுநிலை ஊதியம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஊதியம்) எவ்வளவு, தொழிலாளியின் நடுநிலை ஊதியம் எவ்வளவு என்று அதில் அட்டவணையாகவே இருக்கிறது.